எல்லாம் சரியா இருக்காம்

மீன் பதனிடும் கம்பெனியில் ஐஸ்காரனுக்கு ஒரே கொள்கைதான். கடலிலிருந்து வந்தது எதுவானாலும் முதலில் அதன் மேல் ஐஸ் விழ வேண்டும். பேச்சு, கணக்கு, சண்டையெல்லாம் அப்புறம். லாரி வந்து நின்றால் டிரைவர் கீழே இறங்குவதற்குள் இவன் மண்வாரியோடு மேலே ஏறியிருப்பான். "மேனேஜருக்கு ஐஸ் வைக்க நூறு பேர் இருக்கோம், மீனுக்கு ஐஸ் வைக்க இவன் ஒருத்தன்தான்" என்று கூட வேலை செய்பவர்கள் கலாய்ப்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். பால் வாங்கி வந்தாலும் ஐஸ், அம்மாவின் சர்க்கரை ஊசி மருந்து வாங்கி வந்தாலும் ஐஸ். வேலை முடிந்து வரும்போது பையில் ஒரு பொட்டலம் ஐஸ் இல்லாமல் அவன் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அவனுக்கு வாய்த்தவளும் லேசுப்பட்டவள் இல்லை. அதே கம்பெனியில் எடை மேடையில் நிற்பவள். எடைக்காரி என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஐஸையும் தண்ணீரையும் சேர்த்து நிறுத்து ஏமாற்றப் பார்க்கிற வியாபாரியிடம், "அண்ணே, நாங்க வாங்குறது மீனு. தட்டிட்டு வைங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் ஒரு கிராம் விட மாட்டாள். அவளுடைய அந்தக் கறாரில்தான் ஐஸ்காரன் விழுந்தான். இரண்டு வீட்டிலும் முறுக்கிக்கொண்டு, பிறகு ஒரு வழியாக இறங்கி வந்து, கல்யாணமும் ஆனது.

ஐந்து வருஷம் ஓடிவிட்டது. வீட்டில் தொட்டில் ஆடவில்லை.

ஐஸ்காரனின் அம்மா நேரடியாக எதுவும் கேட்கிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உனக்கு விளையாட இந்த வீட்ல யாரும் இல்லையேடா கண்ணு" என்று மருமகள் காதில் விழும்படி கொஞ்சுவார். குத்துவது தெரியும், கத்தி தெரியாது. எடைக்காரி பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள், அவ்வளவுதான். ஒருநாள் அவளே புருஷனிடம் சொன்னாள்:

"என்னங்க, ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம். உங்களுக்கு எடுக்கிறது சுலபமாம். அதை முதல்ல முடிச்சிடுவோம்."

சுலபமாம்! சொன்னவர்கள் யாரோ, அந்த லேபுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அவனுடைய தங்கை வயதுதான் இருக்கும். இவன் சீட்டை நீட்டியதும், பின்னால் ஆறு பேர் நிற்கிறார்களே என்ற லஜ்ஜை இல்லாமல், "விந்துப் பரிசோதனையா சார்?" என்று கணீரென்று கேட்டாள். ஐஸ்காரனுக்குக் காது மடல் கொதித்தது. அவள் ஒரு மூடி போட்ட டப்பாவைக் கொடுத்து, கடைசியில் இருந்த கதவைக் காட்டினாள். உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு வாஷ்பேசின், போன வருஷத்துக் காலண்டர். அவன் நின்றான், உட்கார்ந்தான், கண்ணை மூடினான். அதற்குள் யாரோ வெளியிலிருந்து கதவைத் தட்டி, "சார், உள்ளே ரொம்ப நேரமா யாரு? எங்க அப்பாவுக்கு யூரின் கொடுக்கணும்" என்றார்கள். போயே போய்விட்டது. வெறும் டப்பாவோடு வெளியே வந்தான்.

"பரவாயில்லை சார், வீட்லயே எடுத்துக் கொண்டு வாங்க" என்றாள் அந்தப் பெண். அதோடு விட்டாளா? எப்படி எடுக்க வேண்டும், எதில் படக்கூடாது, எப்படி வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தாள். வரிசையில் நின்ற ஒரு தாத்தா காதைத் தீட்டிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வேறு வந்தார். ஐஸ்காரன் தலையைத் தலையை ஆட்டினான். அவன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். மீதியெல்லாம் அவனுடைய வெட்கத்தில் அடிபட்டுப் போயிற்று.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"ஒரு மணி நேரம்தானாம். அதுக்கு மேல போனா கெட்டுப்போயிடுமாம்."

"இந்த வெயில்லயா?" என்றாள் எடைக்காரி.

அவ்வளவுதான், மேற்கொண்டு பேச ஒன்றும் இருக்கவில்லை. மீன் கம்பெனியில் பிழைக்கிற இரண்டு பேருக்கு, வெயிலில் கெட்டுப்போகிற ஒரு பொருளை என்ன செய்ய வேண்டும் என்று யாராவது பாடம் எடுக்க வேண்டுமா? மறுநாள் காலை, அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவன் டப்பாவைக் கொடுக்க, அவள் அதைப் பாலிதீன் பையில் போட்டு வாயை முடிச்சிட்டு, சாப்பாடு கொண்டுபோகும் பெட்டியில் கீழே ஒரு அடுக்கு ஐஸ், மேலே ஒரு அடுக்கு ஐஸ் என்று ஒரு குழந்தையைத் தூங்க வைப்பது போலப் பதமாக வைத்து மூடினாள். "பார்த்துப் போங்க, குலுக்காதீங்க" என்று வாசல்வரை வந்தாள். அவனும் குலுக்காமல், ஒரு மேடு பள்ளத்தில்கூட வண்டியை விடாமல் போனான். லேப் வாசலில் டப்பாவை வெளியே எடுத்துத் துடைத்து, கவுண்டரில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஓடி வந்துவிட்டான்.

சாயங்காலம் லேபுக்குப் போய் ரிசல்ட் தாளை வாங்கினான். அந்தப் பெண்ணின் குரல் இந்த முறை இறங்கியிருந்தது. "எண்ணிக்கை இருக்கு சார். ஆனா ஒண்ணுகூட அசையலை. நீங்க டாக்டரைப் பார்த்துடுங்க."

"அசையலைன்னா?"

"உயிரோட்டம் இல்லை சார். டாக்டர் சொல்வாங்க."

அவன் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, அந்தத் தாளை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டான். போட்டுவிட்டு அது மிதந்து போவதையே பார்த்துக்கொண்டு நின்றான். செத்தது. எனக்குள்ளே இருக்கிறது எல்லாமே செத்தது. இதே வார்த்தை வழியெல்லாம் கூடவே வந்தது.

அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தான், சத்தியமாக. ஆனால் கதவைத் திறந்தது அவள் மட்டும் இல்லை. விஷயம் எப்படியோ தெரிந்து, பின்னாலேயே அம்மாவும் நின்றிருந்தார். இரண்டு பேர் முகமும் இவன் வாயையே பார்த்தன.

"என்னங்க சொன்னாங்க?"

"எல்லாம் சரியா இருக்காம்" என்றான்.

ராத்திரி அவளிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஆனால் அதற்குள் அம்மா, "எனக்குத் தெரியாதா? எங்க பரம்பரையில அப்படியெல்லாம் குறை கிடையாதே" என்று சொல்லிவிட்டு, பார்வையைத் திருப்பி மருமகளின் வயிற்றில் நிறுத்தினார். எடைக்காரி "நல்லதுங்க" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவனுக்கு நாக்கு எழவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. ஒரு பொய் மேல் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால் அதை எழுப்புவது லேசா?

அதன் பிறகு பட்டதெல்லாம் அவள்தான். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்து வந்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டதற்கு, "அவருக்கு எல்லாம் சரியா இருக்கு டாக்டர்" என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐஸ்காரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயோ, வாயைத் திறக்க வேண்டாமா அந்தப் படுபாவி! திறக்கவில்லையே.

மாத்திரைகள் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வீங்கியது, முடி கொட்டியது. எடை மேடையில் நின்றுகொண்டே மயங்கினாள். எந்தச் சோதனையிலும் அவளிடம் ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாததே அவளைத் தின்றது. "ஏதோ ஒண்ணு இருக்குங்க. அவங்களுக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியலை" என்பாள். இப்படியே ஏழு மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், அவனுடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடறேங்க. சண்டையெல்லாம் இல்லை. நீங்க இன்னொருத்தியைக் கட்டிக்குங்க."

"லூசு மாதிரி பேசாத."

"அத்தை ஆசைப்படறதுல என்ன தப்பு இருக்கு? உங்களுக்கு என்ன குறை? என்னால நீங்க ஏன் வெறுங்கையா நிக்கணும்?"

அவன் எழுந்து வெளியே போனான். லீவு நாள் என்றும் பாராமல் கம்பெனிக்குப் போய், குளிர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். கோட்டு போடவில்லை, கையுறை இல்லை. முதலில் விரல்கள் வலித்தன, பிறகு வலி நின்றது. இப்படியே இருந்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அவள் விடுபடுவாள், தானும் விடுபடலாம். வாட்ச்மேன்தான் விளக்கு எரிவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கதவைத் திறந்தார். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, "ஏண்டா, உனக்கு மூளை கழண்டு போச்சா? பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?" என்று கத்தினார். தன் கம்பளியை அவன் மேல் போர்த்தி, டீ வாங்கிக் கொடுத்து, அவன் உதடு பழைய நிறத்துக்கு வரும்வரை திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி மட்டும் அவனோடு வீடு வரை வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போவதற்கு முன் கடைசியாக ஒன்று பார்த்துவிடலாம் என்று எடைக்காரியே முடிவு செய்தாள். வயிற்றில் துளை போட்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிற ஆபரேஷன். பெரிய ஆஸ்பத்திரியில் தேதி வாங்கினாள். அன்று காலை அவளுக்குப் பச்சைக் கவுன் மாட்டி, கையில் ஊசி குத்தி, கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். தோடும் வளையலும் கழற்றிய அவளைப் பார்க்க ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது. ஐஸ்காரன் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா அப்போதுதான் வந்தார். வெடுக்கென்று பேசுகிற ஆள். ஃபைலைப் புரட்டினார், நின்றார், திரும்பவும் புரட்டினார்.

"இவரோட ரிப்போர்ட் எங்கே?"

"அவருக்கு எல்லாம் சரியா இருக்கு டாக்டர்" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

"யார் சொன்னது? எனக்குத் தாள்ல காட்டுங்க. புருஷனைப் பார்க்காம பொண்டாட்டி வயித்துல நான் துளை போட மாட்டேன்."

அவள் இவனைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கங்க வச்சிருக்கீங்க?"

அந்தப் பார்வையில் துளிச் சந்தேகம் இருந்திருந்தால்கூட அவன் இன்னொரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருப்பான். இல்லை. வீட்டில் எந்த அலமாரியில் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஐஸ்காரன் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தான்.

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"ஏன்?"

"எனக்குத்தான் குறை. எண்ணிக்கை இருக்காம். ஒண்ணுகூட அசையலையாம். எல்லாமே செத்துப்போச்சாம். நான்தான்... உன்கிட்ட மறைச்சுட்டேன்."

நர்ஸ் கையில் இருந்த டிரேயில் ஏதோ கிணுங்கியது. எடைக்காரி கண்ணைக்கூட இமைக்கவில்லை. டாக்டரம்மாதான் பேசினார்.

"ஒண்ணுகூட அசையலையா? எங்கே எடுத்தீங்க?"

"வீட்ல."

"எப்படிக் கொண்டு போனீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொள்ள, கட்டிலிலிருந்து பதில் வந்தது. "ஐஸ் பெட்டியில. நான்தான் கட்டிக் கொடுத்தேன். மேலயும் கீழயும் வச்சு."

டாக்டரம்மா ஃபைலை மூடி மேஜையில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, அது மீனாம்மா?"

யாரும் சிரிக்கவில்லை.

"உடம்புச் சூட்டுலயே கொண்டு வரணும். சட்டைக்குள்ள வச்சுக் கொண்டு வரச் சொல்வோம். ஐஸ்ல போட்டா நல்லா இருக்கறதும் அப்படியே நின்னுடும். அந்த ரிசல்ட்டை வச்சு இவருக்குக் குறை இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. சரியா எடுத்திருந்தாக்கூட ஒரு தடவை பார்த்து யாரும் முடிவு பண்ண மாட்டாங்க. ஏன் சார், டாக்டரைப் பார்க்கச் சொல்லலையா உங்களை?"

சொன்னார்கள். சொன்னார்கள்தான்.

ஏழு மாதமாகத் தான் சுமந்த பிணம் ஒருவேளை பிணமே இல்லையோ என்ற நினைப்பில் ஐஸ்காரனுக்குத் தலை சுற்றியது. அப்பாடா என்று ஒரு மூச்சு அவனை அறியாமல் வந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"சிஸ்டர், இந்த ஊசியைக் கழட்டுங்க" என்றாள் எடைக்காரி. எழுந்து உட்கார்ந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை 'நீங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள், அன்றைக்குத்தான் மாறினாள்.

"ஐஸ் வச்சது நான். அது தெரியாம செஞ்சது. நீ செஞ்சது?"

"நான் அன்னைக்கே..."

"நான் துடிச்சதைப் பார்த்தியே. பக்கத்துலதானே நின்னே. அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு சொன்னப்பக்கூட வாய் வரலையே உனக்கு. உனக்குக் குறை இருந்தா நான் விட்டுட்டுப் போயிடுவேன்னு நினைச்சியா? என்னை அவ்வளவுதான் நிறுத்து வச்சிருக்கியா நீ?"

அவள் குனிந்து தன் செருப்பைத் தானே எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்ல வைத்தாள். வாசலைத் தாண்டும் முன்னாலேயே, "இப்பவே சொல்லு" என்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அம்மா, "அப்போ இவகிட்ட ஒரு குறையும் இல்லையா?" என்று கேட்டார். அந்தக் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்ததே, அதைக் கேட்டு எடைக்காரி பல மாதத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தாள். சிரித்து முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, பிறகுதான் அழுதாள். அவன் தொடப் போனான். கையைத் தட்டிவிட்டாள்.

மறுபடி டெஸ்ட். அதே லேப், அதே கவுண்டர், அதே பெண். இந்த முறை எடைக்காரியும் கூட வந்தாள். அந்தப் பெண் சொன்னதை ஒன்று விடாமல் கேட்டு, இரண்டு கேள்வியும் கேட்டாள். வீடும் வேண்டாம் பெட்டியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் உள்ளே போனதும், அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே இருந்தவனுக்கு அவள் குரல் கேட்டது. "உள்ளே ஆள் இருக்கு. வேற பாத்ரூம் பாருங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்." அவளோடு பேச்சுவார்த்தையே இல்லாத அந்த நாட்களில், அந்தக் குரலையே கேட்டுக்கொண்டு ஐஸ்காரன் கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

ரிசல்ட் வாங்க அவனை விடவில்லை. "நான் வாங்கிக்கறேன். நீ வெளியில நில்லு." கண்ணாடிக் கதவு வழியாக அவள் தாளை வாங்குவதும், படிப்பதும், அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்பதும், பேசாமல் மடிப்பதும் தெரிந்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. எடை மேடையில் நிற்கும்போது இருக்கிற முகம். தாளைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சரியா இருக்காம்."

அதே வார்த்தை. அவன் அன்று வாசலில் சொன்னபோது எப்படிச் சொன்னானோ, அதே இழுப்பு. சொல்லிவிட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள்.

ஐஸ்காரன் பின்னாலேயே போனான். நிஜமாகவே சரியாக இருக்கிறதா? இல்லை, பரிதாபப்பட்டுச் சொல்கிறாளா? அவன் செய்ததை அவனுக்கே திருப்பித் தருகிறாளா? சரியாக இருந்தால் சிரிக்க மாட்டாளா? சரியில்லை என்றால் அழ மாட்டாளா? தாளைக் காட்டு என்று கேட்கலாம். எந்த முகத்தோடு கேட்பது? மருந்துக்கடையைத் தாண்டினார்கள். சைக்கிள் கடையைத் தாண்டினார்கள். சிக்னலில் நின்றபோது அவள் முதுகையே பார்த்தான். கொட்டிப்போன தலைமுடியில் பின்னல் சின்னதாகிவிட்டிருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது வேர்த்து ஒழுகி, மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது.

"ஏய்... உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். நிஜத்தைச் சொல்லு. எதுவானாலும் சொல்லிடு. இப்படி இருக்க என்னால முடியலை."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எதையும் லட்சியம் செய்யவில்லை. எடைக்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பையைத் திறந்து, தாளை எடுத்து, அவன் கையில் வைத்தாள்.

"படிச்சுக்கோ. பாதிக்கு மேல அசையுதாம், கவலைப்பட ஒண்ணுமில்லையாம்" என்றாள். பிறகு பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"நான் ஏழு மாசம் இருந்தேன். உன்னால பஸ் ஸ்டாப் வரைக்கும் இருக்க முடியலை."

அவன் தாளைப் பிரிக்கவில்லை. அங்கேயே, பிளாட்பாரத்தின் விளிம்பில், அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து அழுதான். ஒரு பஸ் வந்து நின்று, போயிற்று. அது அவர்களுடைய பஸ்தான். எடைக்காரி அதில் ஏறவில்லை. அவன் பக்கத்திலும் உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்தாள்.